ஜப்பானியத் தோட்டத்தை வீடியோ எடுப்பது: ஒரு ஃப்ரேமில் ஒரே அசைவு

ஜப்பானியத் தோட்டங்களை வீடியோ எடுத்துவந்தவர்கள் பெரும்பாலும் சொல்லும் குறை ஒன்றுதான்: நேரில் இருந்த அமைதி திரையில் வரவில்லை. கேமரா நல்லது, வெளிச்சமும் மோசமில்லை, பாசியும் பாறையும் குளமும் தெளிவாகவே பதிவாகியிருக்கின்றன. ஆனாலும் பத்து நொடி பார்ப்பதற்குள் கண் அலுத்துவிடுகிறது.

அந்த ஷாட்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் காரணம் தெரியும். கேமரா பக்கவாட்டில் திரும்புகிறது. அதே நேரத்தில் குளத்தில் மீன் ஓடுகிறது, மேப்பிள் கிளை ஆடுகிறது, பின்னால் ஒரு குடை கடந்துபோகிறது, ஆட்டோ ஃபோகஸ் ஒருமுறை தடுமாறி மீள்கிறது. ஐந்து அசைவுகள். எதைப் பின்தொடர்வது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. அதனால் கீழே சொல்லப்படும் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரே விதிதான்: ஒரு ஃப்ரேமில் ஒன்று மட்டும் அசையட்டும். நீர் ஓடினால் கேமரா நிற்க வேண்டும். கேமரா நகர்ந்தால் மற்றவை நிற்க வேண்டும். இலை ஒன்று விழும்வரை எதுவுமே அசையாத ஷாட்டும் நல்ல ஷாட்தான்.

போவதற்கு முன்

தோட்டத்தின் வகையைப் பொறுத்து வேலை மாறும். கரேசன்சுய் எனப்படும் நீரற்ற கல்-மணல் தோட்டம் உட்கார்ந்து பார்ப்பதற்காக அமைக்கப்பட்டது. அங்கே உங்களுக்கு இரண்டு மூன்று கோணங்கள்தான் கிடைக்கும், அதுவே போதும். குளத்தைச் சுற்றி நடக்கும் பெரிய தோட்டங்களில் (கனசவாவின் கென்ரோகு-என், ஒகயாமாவின் கோராகு-என் போன்றவை) பாதை வளையும்போதெல்லாம் காட்சி ஒளிந்து வெளிப்படும். அங்கே ஷாட்டுகளின் வரிசைதான் படம். தேநீர் இல்லத்துக்குப் போகும் சிறு தோட்டம் மூன்றாவது வகை. படிக்கற்கள், கைகழுவும் கல்தொட்டி, கல்விளக்கு என நெருக்கக் காட்சிகளின் சுரங்கம் அது.

அனுமதி விஷயத்தில் அசட்டையாக இருக்க வேண்டாம். கியோட்டோவின் பெரும்பாலான கோயில்களில் ட்ரைபாடுக்கு அனுமதி இல்லை. பல இடங்களில் மோனோபாடும் கூடாது. சில கோயில்களில் படமெடுப்பதே தடை. வணிக நோக்கில் எடுப்பதானால் முன்கூட்டி எழுதிக் கேட்டு, கட்டணம் செலுத்தி, கோயில் சொல்லும் நேரத்தில்தான் எடுக்க முடியும். கியோட்டோவின் சைஹோ-ஜி கோயிலின் பாசித் தோட்டத்துக்கு முன்பதிவு இல்லாமல் நுழையவே முடியாது. கத்சுரா அரண்மனைத் தோட்டத்தை வழிகாட்டியோடு குழுவாகத்தான் சுற்ற வேண்டும். ஓரிடத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பது உங்கள் கையில் இல்லை என்பதால் நீண்ட ஷாட்டுகளுக்கு அது ஏற்ற இடமல்ல. ட்ரோன் யோசனையை விட்டுவிடுங்கள். 2022 ஜூன் முதல் ஜப்பானில் 100 கிராமும் அதற்கு மேலும் எடையுள்ள எல்லா ட்ரோன்களும் பதிவு செய்யப்பட வேண்டும். மக்கள்தொகை நெருக்கமான பகுதிகளின் மேல் பறக்கத் தனி அனுமதி வேண்டும். அதெல்லாம் கிடைத்தாலும், தரையில் உட்கார்ந்தவரின் கண்ணுக்காக அமைத்த தோட்டத்தை மேலிருந்து காட்டினால் அது வரைபடமாகத்தான் தெரியும்.

பாதையின் நடுவே கறுப்புக் கயிறு கட்டிய உருண்டைக் கல் ஒன்று இருந்தால் அதற்கு அப்பால் போகக்கூடாது என்று அர்த்தம். அதை நகர்த்தாதீர்கள், தாண்டாதீர்கள். ஆனால் அது அருமையான நெருக்கக் காட்சி: 85 மி.மீ. லென்ஸ், கல்லின் உயரத்துக்குக் கேமராவைத் தாழ்த்தி, பின்னால் மங்கிய பாதை. பாசியின் மேல் ஒரு அடிகூட வைக்க வேண்டாம். மிதிபட்ட பாசி தேற நெடுங்காலம் ஆகும். முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். திரும்பும்போது பை காகிதக் கதவில் இடிப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் விபத்து.

தோட்டம் எந்தத் திசையைப் பார்க்கிறது?

"அதிகாலையில் போங்கள்" என்ற பொதுவான அறிவுரை பாதிதான் சரி. எந்த நேரம் நல்லது என்பதை நீங்கள் பார்க்கும் திசைதான் முடிவு செய்கிறது.

கியோட்டோவின் ரியோவான்-ஜி கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கு மேற்காக 25 மீட்டர், வடக்கு தெற்காக 10 மீட்டர் அளவுள்ள வெண்மணல் பரப்பில் 15 பாறைகள். மண்டபம் வடக்கே இருக்கிறது. அதன் மரத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து தெற்கே பார்க்கிறீர்கள். எதிரே மண்சுவர். அதாவது சூரியன் பெரும்பாலான நேரம் உங்களுக்கு எதிரில்தான் இருக்கும். மார்ச் முதல் நவம்பர் வரை காலை 8 மணிக்குத் திறக்கிறார்கள். இலையுதிர்காலத்தில் அந்த நேரத்தில் ஒளி இடப்பக்கம் முன்னாலிருந்து தாழ்வாக வரும். மணலில் சீப்பு இழுத்தது போன்ற வரிகளில் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல் விழும். வரிகள் ஆழமாகத் தெரியும். கோடை நண்பகலில் சூரியன் தலைக்கு மேலே போய்விடுவதால் அதே வரிகள் மறைந்து மணல் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். குளிர்காலத்தில் நிலைமை வேறு: டிசம்பர் கடைசியில் கியோட்டோவில் நண்பகலில்கூட சூரியன் சுமார் 31 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறுவதில்லை. நாள் முழுக்கத் தாழ்ந்த ஒளிதான், ஆனால் சுவரின் நிழல் மணலின் தென்பகுதி மேல் கிடக்கும். அந்த நிழல் கோட்டை ஃப்ரேமில் ஓர் உறுப்பாக ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மேகத்துக்காகக் காத்திருங்கள்.

15 பாறைகளையும் ஒரே ஃப்ரேமில் அடக்க அகல லென்ஸைத் தேடுவது வீண் வேலை. தாழ்வாரத்தில் எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றாவது மறைந்துவிடும்படிதான் அமைப்பு. ஏதாவது இரண்டு பாறைக் கூட்டங்களும் அவற்றின் நடுவிலுள்ள வெற்றிடமும் போதும். வெற்றிடத்துக்கே ஃப்ரேமில் பாதிக்கு மேல் கொடுங்கள்.

கியோட்டோவின் தென்ரியூ-ஜி கோயிலில் மண்டபத்திலிருந்து மேற்கே பார்க்கிறீர்கள். குளத்துக்குப் பின்னால் அரஷியாமா மலைச்சரிவு தோட்டத்தின் பகுதியாகவே தெரியும். காலையில் சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருந்து மலையையும் குளக்கரைப் பாறைகளையும் ஒளியூட்டும். பிற்பகலில் மலை கறுத்து வானம் வெளுத்துவிடும். அதே நகரின் முரின்-ஆன் தோட்டத்தில் இதற்கு நேர்மாறு: பார்வை கிழக்கே ஹிகஷியாமா மலைகளை நோக்கி. அங்கே பிற்பகல்தான் நல்லது. ஆக, ஒரே நாளில் இரண்டையும் எடுப்பதாக இருந்தால் எதை முதலில் எடுப்பது என்பதில் குழப்பமே இல்லை.

மேகமூட்டமும் மழையும் கெட்ட நாட்கள் அல்ல. பாசிக்கு அவைதான் திருவிழா. ஜூன் தொடக்கம் முதல் ஜூலை நடுப்பகுதி வரையான மழைக்காலத்தில் பாசி நீர் குடித்து நிமிர்ந்து நிற்கும். நிறம் உள்ளிருந்து வரும். வெயிலில் காய்ந்த ஆகஸ்ட் பாசியை எந்தக் கலர் திருத்தமும் காப்பாற்றாது. கியோட்டோவில் இலைகள் சிவக்கும் உச்சம் நவம்பர் நடு முதல் டிசம்பர் தொடக்கம் வரை. அந்த வாரங்களில் கூட்டமும் உச்சம் என்பதால், அமைதி வேண்டுவோர் மழைக்காலத்தைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம். கென்ரோகு-எனில் பைன் மரக்கிளைகளைப் பனிச்சுமையிலிருந்து காக்கக் கூம்பு வடிவில் கயிறு கட்டும் வேலை நவம்பர் 1 அன்று தொடங்கும். பனி விழாத நாளிலும் அந்தக் கயிற்றுக் கோடுகள் ஃப்ரேமுக்கு வலு சேர்க்கும்.

கேமராவில் எதையெல்லாம் பூட்ட வேண்டும்

தானியங்கி அமைப்புகள் எல்லாமே கேட்காமல் வரும் அசைவுகள். மேகம் ஒன்று கடந்தால் ஆட்டோ எக்ஸ்போஷர் ஷாட்டின் நடுவில் மூச்சுவிடும். பச்சை நிறைந்த ஃப்ரேமில் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சமன்) மெல்ல ஊதாவுக்குச் சாயும். காற்றில் புல் ஆடினால் ஆட்டோ ஃபோகஸ் அதன் பின்னால் ஓடும். மூன்றையும் கைமுறைக்கு மாற்றுங்கள். ஒயிட் பேலன்ஸை வெயிலில் 5600 கெல்வின், மேகமூட்டத்தில் 6000 முதல் 6500, அடர்ந்த மர நிழலில் 7000 அருகில் வைத்து, ஓர் இடத்தை முடிக்கும்வரை தொடாதீர்கள்.

நொடிக்கு 24 ஃப்ரேம், ஷட்டர் 1/50. லென்ஸின் துளை (எண் சிறிதானால் துளை பெரிது) f/5.6 முதல் f/8 வரை. பின்னணியை முழுக்கக் கரைக்கும் f/1.8 இங்கே பொதுவாகத் தப்பு: முன்னால் உள்ள கல்லுக்கும் நடுவிலுள்ள குளத்துக்கும் பின்னாலுள்ள மலைக்கும் இடையே இருக்கும் உறவுதான் தோட்டம், அதைக் கரைத்துவிட்டால் எஞ்சுவது ஒரு கல்.

இந்த அமைப்பில் வெயிலில் ஒளி அதிகமாகிவிடும், எனவே ஒளியை மட்டும் குறைக்கும் என்டி ஃபில்டர் வேண்டும். கணக்கு எளிது. ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, f/5.6, 1/50 என்றால் நல்ல வெயிலில் 4 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைக்க வேண்டும், அதாவது என்டி16. லாக் முறையில் (பின்னால் நிறம் திருத்துவதற்காகத் தட்டையாகப் பதியும் முறை) அடிப்படை ஐஎஸ்ஓ 800 என்றால் இன்னும் 3 ஸ்டாப் சேர்ந்து 7 ஆகும், என்டி128. மேகமூட்டத்தில் இவற்றிலிருந்து சுமார் 3 ஸ்டாப் கழியுங்கள். மாறும் வகை என்டி வசதியானது, ஆனால் அதை அதன் எல்லைவரை திருகினால் அகலக் காட்சியில் குறுக்கே X வடிவக் கருமை விழும். வெண்மணலில் அது அப்பட்டமாகத் தெரியும்.

வெண்மணல்தான் எக்ஸ்போஷரின் அளவுகோல். மணலின் பிரகாசமான பகுதி வேவ்ஃபார்மில் (பிரகாசத்தை 0 முதல் 100 வரை காட்டும் வரைபடம்), சாதாரண நிற அமைப்பில், 80ஐத் தாண்டக்கூடாது. 95க்குப் போனால் வரிகளின் மேடுகள் எரிந்துபோய் அமைப்பே மறைந்துவிடும். நிழலிலுள்ள பாசி சற்றுக் கறுத்தால் பரவாயில்லை.

கோடெக் (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறை) விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பாசி, சரளை, பைன் ஊசியிலை, மழை ஆகிய எல்லாமே நுண்விவரம் நிறைந்தவை; குறைந்த பிட்ரேட்டில் (நொடிக்குச் சேமிக்கும் தரவின் அளவு) அவை பிசுபிசுத்த பச்சையாக உருகிவிடும். 10 பிட் 4கே, கேமரா தரும் மிக உயர்ந்த பிட்ரேட், முடிந்தால் ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனியாகச் சேமிக்கும் வகை. மணல் வரிகளிலும் மூங்கில் தட்டிகளிலும் கூரை ஓடுகளிலும் மொயரே எனப்படும் நெளியும் வண்ணக்கோடுகள் வரலாம். திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். வந்தால் லென்ஸ் நீளத்தையோ தூரத்தையோ கொஞ்சம் மாற்றினாலே போய்விடும். பின்னால் எடிட்டிங்கில் அதை எடுக்க முடியாது.

பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டரான போலரைசரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஈரப் பாசியின் பளபளப்பையும் இலைகளின் வெண்மினுக்கையும் அது நீக்கும், நிறம் ஆழமாகும், 1.5 முதல் 2 ஸ்டாப் ஒளியையும் சாப்பிடும். ஆனால் குளத்தின் முன் அதை முழுக்கத் திருகினால் பிரதிபலிப்பு காணாமல் போய், அடியிலுள்ள சேறு தெரியும். மீனைக் காட்ட வேண்டுமென்றால் முழுக்கத் திருகுங்கள். நீரில் மரத்தின் பிரதிபலிப்பைக் காட்ட வேண்டுமென்றால் கழற்றிவிடுங்கள்.

உயரமும் லென்ஸும்

நின்றுகொண்டு கண் உயரத்தில் எடுப்பதே மிகப் பொதுவான தவறு. தாழ்வாரத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்காக அமைத்த தோட்டத்தில் கேமரா தாழ்வாரத் தளத்திலிருந்து 75 முதல் 80 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். நின்றால் மணல்பரப்பு செங்குத்தாக விரிந்து பாறைகள் தரையோடு ஒட்டிவிடும். உட்கார்ந்தால் பாறைகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி எழும். இதில் ஒரு லாபமும் உண்டு: கையில் பிடித்து எடுப்பதற்கு உட்காருவதுதான் உறுதியான நிலை.

முழு ஃப்ரேம் சென்சாரில் 35, 50, 85 மி.மீ. ஆகிய மூன்று லென்ஸ்களும் போதும். 16 மி.மீ. எடுத்தால் முன்னால் உள்ள சரளை பெரிதாகி, பாறை கூழாங்கல்லாகச் சுருங்கி, பின்னாலுள்ள மலை மறைந்தே போகும். 85 அல்லது 100இல் மலை அருகே வந்து நிற்கும். தோட்டத்துக்கு வெளியே இருந்தாலும், காட்சியின் பகுதியாகத் தோட்டக்காரர் கடனாக வாங்கி வைத்த மலை அது. அதைத் தூரத்துக்குத் தள்ள வேண்டாம். கேமராவை மட்டமாக வையுங்கள். மேலே கீழே சாய்த்தால் தூண்கள் குவியும். மரத்தூணும் காகிதக் கதவும் உள்ள ஃப்ரேமில் அந்தச் சாய்வு உறுத்தும்.

அறைக்குள்ளிருந்து தூண்களுக்கு நடுவே தோட்டத்தைச் சட்டமிட்ட ஓவியமாகக் காட்டும் ஷாட், ஓஹராவின் ஹோசென்-இன்னில் கிடைப்பது போன்றது, எளிதாகத் தோன்றும். கெடுவது எக்ஸ்போஷரில். அறைக்கும் வெளிக்கும் ஒளி வித்தியாசம் 6 ஸ்டாப்பைத் தாண்டலாம். இரண்டையும் காப்பாற்ற முயன்றால் அறை சாம்பலாகி இரைச்சல் ஏறும், தோட்டமும் வெளுக்கும். தோட்டத்துக்கு வையுங்கள், அறை கறுப்பாகட்டும். திறப்பிலிருந்து 3, 4 மீட்டர் பின்னால் போய் 50 மி.மீ. வைத்தால் தூண்கள் நேராக நிற்கும். ஷிமனேயின் அடாச்சி அருங்காட்சியகத்தில் தோட்டத்தைக் கண்ணாடி வழியாகத்தான் பல இடங்களில் பார்க்க முடியும். அங்கே கறுப்புச் சட்டை அணிந்து போங்கள், லென்ஸைக் கண்ணாடியைத் தொடாமல் அதற்கு மிக நெருக்கமாக வையுங்கள். வெள்ளைச் சட்டை போட்டவர் தன்னையும் சேர்த்தே படமெடுப்பார்.

ட்ரைபாட் இல்லாமல் நிற்பது

சம்மணமிட்டு உட்கார்ந்து இரு முழங்கைகளையும் தொடைமேல் ஊன்றுங்கள். கழுத்துவாரைக் குட்டையாக்கி, கேமராவை முன்னால் தள்ளி, வார் இறுகும்படி பிடியுங்கள். கண், இரு கை, வார் என நான்கு இடங்களில் கேமரா தாங்கப்படும். கேமராவின் உள்ளேயே சென்சாரை அசைத்து நடுக்கத்தைக் குறைக்கும் நிலைப்படுத்தலை இயக்குங்கள். மின்னணு நிலைப்படுத்தலை அணையுங்கள், அது அகலக் காட்சியில் ஓரங்களை ஜெல்லியாக ஆட்டும். மூச்சை அடக்கினால் 10 நொடியில் கை நடுங்கத் தொடங்கும். மெதுவாக விட்டுக்கொண்டே எடுங்கள். ஃப்ரேமின் நான்கு பக்கமும் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக விட்டு எடுத்தால், மென்பொருளில் ஷாட்டை முழுக்கப் பூட்டி நிறுத்த இடம் இருக்கும்.

ஒவ்வொரு ஷாட்டும் குறைந்தது 30 நொடி. படத்தில் வரப்போவது 10 நொடிதான். ஆனால் பதிவு பொத்தானை அழுத்திய அதிர்வு அடங்க 3, 4 நொடி, யாரோ இருமுவது, குடை நுழைவது என மீதி போய்விடும்.

கேமராவை நகர்த்தும் வாய்ப்புக் கிடைத்தால், அனுமதி பெற்ற இடத்தில் 60 செ.மீ. ஸ்லைடர் (கேமராவை நகர்த்தும் சிறு தண்டவாளம்) போதும். 15 நொடியில் 30 செ.மீ. நகர்வு, அதற்கு மேல் வேண்டாம். முன்னால் ஒரு மீட்டர் தூரத்தில் ஏதாவது இருக்க வேண்டும்: கல்விளக்கின் ஓரம், தூண், பெரணி இலை. அது இல்லாவிட்டால் ஸ்லைடர் நகர்ந்தது தெரியவே தெரியாது. பேன் (கேமராவைப் பக்கவாட்டில் திருப்புவது) செய்வதானால் ஒரு பொருள் ஃப்ரேமின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக 7 நொடிக்குக் குறையக் கூடாது. 24 ஃப்ரேமில் அதைவிட வேகமாகத் திருப்பினால் மூங்கில்களும் தூண்களும் துடிக்கும். அமைதியான படத்துக்கு 15 நொடி வையுங்கள். ஜூமை மறந்துவிடுங்கள்.

நீர், மழை, மூங்கில்

ஷிஷி-ஓதோஷி என்ற மூங்கில் குழாய் நீர் நிரம்பியதும் சாய்ந்து கொட்டி, திரும்பி வந்து கல்லில் டொக் என்று தட்டும். கியோட்டோவின் ஷிசென்-தோவில் இதைக் கேட்கலாம். இதை எடுக்க முதலில் கேமராவைத் தொடாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்து இரண்டு சுற்றுகளின் இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். நீர்வரத்தைப் பொறுத்து அது இடத்துக்கு இடம் மாறும், அதே இடத்தில் மழைக்குப் பிறகும் மாறும். ஃப்ரேமில் மூங்கிலின் வாய் தாழும் இடத்துக்கு வெற்றிடம் விடுங்கள். நிமிர்ந்த நிலைக்கு மட்டும் ஃப்ரேம் கட்டியவர்கள் சாயும்போது வாயைத் துண்டித்துவிடுவார்கள். ஃபோகஸ் தட்டும் கல்லின் மேல். இரண்டு முழுச் சுற்றுகளை வெட்டாமல் எடுங்கள். திரையில் வேண்டியது தட்டுவதற்கு முந்தைய காத்திருப்பு. தட்டிய கணத்திலேயே வெட்டினால் அது நகைச்சுவைக் காட்சியாகிவிடும்.

ஸ்லோமோஷன் இங்கே பெரிய சபலம். நொடிக்கு 60 ஃப்ரேமில் (ஷட்டர் 1/120) எடுத்து 24இல் ஓட்டினால் வேகம் 40 சதவீதமாகும். இதழ் விழுவதற்கும் இலைநுனியில் துளி சொட்டுவதற்கும் பொருந்தும். அருவிக்கும் ஓடைக்கும் வேண்டாம்: நீர் பாகு போலக் கனத்துவிடும், ஒலியும் படமும் ஒட்டாது.

மழை கேமராவில் தானாகத் தெரியாது. பின்னால் கறுத்த கூரைநிழலோ மரத்தொகுதியோ இருந்து, ஒளி எதிர்ப்புறமிருந்து வந்தால்தான் இழைகள் தெரியும். 1/50 ஷட்டரில் மழை கோடாக நீளும். 1/200இல் தனித்தனித் துளியாகும். அமைதிக்குக் கோடுதான் நல்லது. குளத்தில் விழும் வளையங்களுக்கு 85 முதல் 135 மி.மீ., நீர்மட்டத்துக்குத் தாழ்ந்த கோணம். குளிரூட்டிய அறையிலிருந்து ஜூன் மாத ஈரக்காற்றுக்கு வந்தால் லென்ஸ் உடனே மூடுபனி பிடிக்கும். பையைத் திறக்காமல் 20, 30 நிமிடம் வெளியே வைத்திருந்து பிறகு எடுங்கள். துடைத்துத் துடைத்து எடுப்பதில் பயனில்லை, உள்ளேயும் படிந்திருக்கும்.

டோக்கியோவின் ஹமா-ரிக்யூவில் குளம் கடல்நீரால் நிரம்புவது. ஓதத்தோடு நீர்மட்டம் ஏறி இறங்கும். ஓத அட்டவணை பார்க்காமல் போனால் கரைக்கல்லின் ஈரப்பட்டை மட்டும் கிடைக்கும்.

இரவு விளக்கொளி

இலையுதிர்காலத்தில் பல கோயில்கள் இரவில் விளக்கேற்றித் திறக்கின்றன. இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஜப்பானில் மின்சாரம் இரண்டு அதிர்வெண்களில் ஓடுகிறது: கிழக்கே 50 ஹெர்ட்ஸ், மேற்கே 60. ஷிசுவோகாவின் ஃபூஜி ஆற்றிலிருந்து நீகாத்தாவின் இத்தோயிகாவா வரை எல்லை. டோக்கியோவில் 1/50 அல்லது 1/100 ஷட்டர் வைத்தால் விளக்குகள் மினுங்காது. அதே 1/50ஐ கியோட்டோவிலோ கனசவாவிலோ வைத்தால் சில விளக்குகள் மெல்லத் துடிக்கும். அங்கே 1/60 அல்லது 1/120. சிறிய திரையில் இந்தத் துடிப்பு தெரியாமல் போகும், வீட்டில் பெரிய திரையில்தான் கண்ணில் படும். அசையாத ஷாட் முழுதையும் இந்த ஒன்று கெடுத்துவிடும்.

ஒலி

கேமராவின் மைக் லென்ஸ் மோட்டாரையும் உங்கள் மூச்சையும்தான் நன்றாகப் பிடிக்கும். தனிப் பதிவுக்கருவி வேண்டும்: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மைக்குக்குக் காற்றிரைச்சலைத் தடுக்கும் மயிர்க்கூடு, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. இரண்டு மைக் வைப்பதானால் 17 செ.மீ. இடைவெளி, 110 டிகிரி விரிவு. தோட்டத்தின் அகலம் காதில் உட்கார்ந்துவிடும். ஒவ்வோர் இடத்திலும் அசையாமல் 3 நிமிடம் சூழல் ஒலி எடுங்கள். கோயிலைச் சுற்றிலும் சாலை உண்டு, பள்ளிப் பயணக் குழுக்கள் உண்டு, சரளையில் செருப்புச் சத்தம் உண்டு. 3 நிமிடத்தில் சுத்தமான 30 நொடி கிடைத்தால் அதிர்ஷ்டம்.

மூங்கில் தட்டும் ஒலியைத் தனியாக, ஒன்றரை மீட்டர் தூரத்தில், உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் எடுங்கள். அந்த அளவில் ஓடை ஒலி மிக மெல்லியதாகப் பதியும், எனவே ஓடையைத் தனி அளவில் இன்னொரு முறை. ஜூலை, ஆகஸ்டில் சிள்வண்டு எல்லாவற்றையும் மூடிவிடும். அதை வடிகட்ட முயலாதீர்கள், நீரின் மினுமினுப்பும் சேர்ந்து போய்விடும். கோடைக்காலப் படத்தில் சிள்வண்டு இருப்பது இயல்புதான்.

வெட்டும் நிறமும்

வாசல், பாதை, மறைக்கும் வேலி, திறப்பு, முழுக் காட்சி என்ற வரிசையில் தொடங்குங்கள். அகலக் காட்சியை முதலிலேயே போட்டுவிட்டால் பிறகு காட்ட ஒன்றும் இருக்காது. ஷாட்டுகள் 8 முதல் 12 நொடி. எல்லாவற்றையும் ஒரே நீளமாக வெட்டினால் தாலாட்டாகிவிடும், நடுவில் ஒரு 20 நொடி ஷாட் இருக்கட்டும். அசைவு முடிந்தபின் ஒன்றரை நொடி விட்டு வெட்டுங்கள். அடுத்த இடத்தின் ஒலியைப் படத்துக்கு ஒரு நொடி முன்னால் நுழையவிட்டால் வெட்டு உறுத்தாது. ஒன்றில் ஒன்று கரையும் மாற்றத்தைக் காலமோ பருவமோ மாறும் இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னணி இசை இல்லாமல் முதலில் ஒரு பதிப்பை முடியுங்கள். கோத்தோ (ஜப்பானிய நரம்பிசைக் கருவி), ஷகுஹாச்சி (மூங்கில் புல்லாங்குழல்) இரண்டையும் அடுக்கினால் படம் உணவக விளம்பரமாகிவிடும் அபாயம் உண்டு.

நிறத்தில் பச்சைதான் முழு வேலை. பெரும்பாலான கேமராக்கள் பாசியை மஞ்சளாகக் காட்டும். பச்சையின் சாயலை நீலப்பக்கம் சற்றே நகர்த்தி, செறிவைப் பத்து சதவீதம்போலக் குறையுங்கள். கறுப்பை வேவ்ஃபார்மில் 3 முதல் 5க்குள் வையுங்கள். புகை மூட்டமாகத் தூக்கிவிடுவதை அமைதி என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் அதில் ஈரக்கல்லின் கனம் போய்விடுகிறது. மணல் 75க்கும் 80க்கும் நடுவே.

முடிந்த படம் 1080இல் இருந்தாலும் இணையத்தில் ஏற்றும்போது 4கே-யாக ஏற்றுங்கள். தளங்கள் 4கே கோப்புக்கு அதிக பிட்ரேட் ஒதுக்கும், பாசி பிழைக்கும். யூடியூப் 24 ஃப்ரேம் 4கே-க்கு 35 முதல் 45 மெகாபிட் வரை பரிந்துரைக்கிறது. கோப்பை அதைவிடக் கூடுதலாகவே கொடுங்கள். மண்சுவரிலும் பனிமூட்ட வானிலும் பட்டை பட்டையாக நிறம் உடைந்தால், ஏற்றுமதிக்கு முன் மிக நுண்ணிய க்ரெயின் (ஃபிலிம் போன்ற துகள் புள்ளிகள்) சேர்த்துப் பாருங்கள். அதிகமாகச் சேர்த்தால் தளத்தின் சுருக்கம் அதையே கொதிக்கும் புள்ளிகளாக மாற்றும். எனவே முதலில் சுவர் ஷாட் ஒன்றை மட்டும் தனிப்பட்டதாக ஏற்றி, கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் பார்த்துவிட்டு, பிறகு முழுப் படத்தையும் ஏற்றுங்கள்.